புள்ளித்தாளின் ஓரத்தில் எழுதிய சொல்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஓகஸ்ட் மாதம் அது. மெல்பேர்ணில், டண்டினொங்கிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற ஒரு உயர்பள்ளியின் வலைப்பந்தாட்டத் திடல். புதன்கிழமை பின்னேரம். நான் ஒரு மடக்குக் கதிரையில், மடியில் ஒரு அட்டையும் கையில் ஒரு பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தேன். பாதி குளிரால், பாதி பயத்தால்.

பயம் எனக்குப் புதிது இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறின பிறகு இரண்டு தரம் இறங்கிப் போய்க் கதவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மகள் விளையாடப் போகிற நாட்களில் என் காரில் பஞ்சு, பிளாஸ்டர், குளுக்கோஸ், ஒரு போர்வை எல்லாம் இருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையைக்கூட முன்கூட்டியே ஒரு தரம் காரில் ஓடிப் பார்த்துவிடுவேன். மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைய பயம் புள்ளித்தாளைப் பற்றியது. எங்கள் பள்ளியில் பெற்றோர்தான் முறைவைத்துப் புள்ளி எழுத வேண்டும். எங்கள் வீட்டு முறை வந்தால் மனைவி போவா. ஊரில் பள்ளிக்கூட அணியில் விளையாடினவ, அவவுக்கு அந்த விளையாட்டு கைநுனியில் இருக்கும். அந்தக் கிழமை அவ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் வேலைநேரத்தை மாற்றிவிட்டார்கள். நான் பண்டகசாலையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிக்கிறவன். ஆகவே போகக்கூடிய ஆள் நான் மட்டும்தான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில், ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடமே எங்களுக்கு முன்னால் இடம்பெயர்ந்து போய்விட்டது. பிறகு நான் அதைத் தேடிப் போகவில்லை. அதனால் தாளும் பென்சிலும் தந்து, "இதை நிரப்பு" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே மனைவியிடம் நீட்டிவிடுவேன். அதற்கு முதல்நாள் மனைவி குசினி மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் இரண்டு கோல்கம்பங்களாக வைத்து எனக்குப் பாடம் எடுத்தா. தாளில் ஒன்றிலிருந்து வரிசையாக எண்கள் அச்சிட்டிருக்கும். ஒரு கோல் விழுந்தால் ஒரு எண்ணை வெட்ட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பள்ளிகளுக்கும் ஒவ்வொரு ஆள், பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுத வேண்டும்.

"பயப்பிடாதேங்கோ, பதினைஞ்சு வயசுப் பிள்ளையளின்ர விளையாட்டு. ஒருத்தரும் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகமாட்டினம்" என்றா மனைவி.

எங்கள் அணியின் கோல் கீப்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எதிரணி கூடைக்குள் போட எறிகிற பந்தைத் தடுப்பவள் அவள். என் மகளின் மிக நெருங்கின சிநேகிதி. தென் சூடானிலிருந்து வந்த குடும்பம், ஆனால் அவள் பிறந்தது இங்கேதான். என்னைவிட ஒரு சாண் உயரம். மற்றப் பிள்ளைகள் பந்தைப் பிடிக்கப் பாய்வார்கள். இவள் பாயமாட்டாள். பந்து எங்கே வரப்போகிறது என்று பந்துக்குத் தெரியுமுன்பே இவள் அங்கே நிற்பாள். கையை நீட்டுவாள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்துப் பெற்றோரும் தங்களை மறந்து "ஓ" என்பார்கள். எனக்கு விளையாட்டு விளங்காது. ஆனால் அந்தக் கை நீளுவதைப் பார்க்கிறபோது உடம்பு சிலிர்க்கும்.

அந்தப் பிள்ளையைப் பற்றி நான் பேசின பேச்சைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மகள் ஏழாம் வகுப்பில் சேர்ந்த காலம். அந்தப் பிள்ளையின் தாய் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் ஆறு மணிவரை வேலை. பயிற்சி முடிந்ததும் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும். மகள் கேட்டாள், நான் ஏற்றினேன். முதல் நாளே, அந்தப் பிள்ளை பின்சீட்டில் இருக்கத்தக்கதாக, நான் மகளிடம் தமிழில் கேட்டேன்:

"உனக்கு வேற ஒருத்தரும் கிடைக்கேல்லையோ? ஏன் இந்தக் காப்பிலியோட திரியிறாய்?"

ஊரில் கறுப்பின ஆட்களுக்கு நாங்கள் சொல்கிற சொல் அது. தலைமயிர் சுருண்டிருக்கிற எங்கள் ஆட்களையும் பகிடி பண்ணுவதற்குச் சொல்லுவோம். மரியாதையான சொல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தமிழில்தானே சொல்கிறேன், யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவு. அதோடு அந்த நாட்களில் செய்தியைத் திறந்தால் ஆபிரிக்கப் பிள்ளைகளைப் பற்றிப் பயமுறுத்திப் பேசுகிற பேச்சுத்தான். என்னைப்போலப் பயந்த ஆளுக்கு அது போதும்.

மகள் யன்னல் பக்கம் திரும்பி, "அப்பா, ஸ்டொப்" என்று மட்டும் சொன்னாள்.

என்னுடைய நிறமும் ஒன்றும் வெள்ளை இல்லை. வேலையிடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது மூக்கைப் பொத்தின ஒருவனைப் பற்றி ஒரு கிழமை வீட்டில் புலம்பினவன் நான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்று வருடம் அந்தப் பிள்ளை என் காரில் வந்தாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது. குளிருக்கு அவளுக்கும் சேர்த்துத்தான் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவேன். ஆனால் சொல் மாறவில்லை. "காப்பிலி வந்திட்டாளோ?", "காப்பிலியை இறக்கிவிட்டிட்டுப் போவம்." வரவர அது ஏச்சாக இல்லை, அவளுடைய பெயராகவே ஆகிவிட்டது. அதில் ஒரு செல்லம்கூட இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்துபோய்த் தமிழும் கொஞ்சம் பொறுக்கியிருந்தாள். காரால் இறங்கி விடைபெறுகிறபோது, "போட்டு வாறன் அங்கிள்" என்பாள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். இதைப் பொறுக்கின பிள்ளை வேறு என்னவெல்லாம் பொறுக்கியிருப்பாள் என்று, எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான், ஒருநாளும் கவலைப்படவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். அது அரையிறுதி. என் பக்கத்துக் கதிரையில் எதிர்ப்பள்ளியின் புள்ளி எழுதுபவர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அவவின் மகளும் அந்த அணியில் விளையாடினாள். நான் ஒவ்வொரு எண்ணை வெட்டுமுன்பும் அவவின் தாளை எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அவ தன் அட்டையைச் சற்று என் பக்கம் சரித்து வைத்தா. நல்ல மனுசி என்று அப்போதே நினைத்தேன்.

மூன்றாவது கால்பகுதி முடிந்து விசில் ஊதியது. பிள்ளைகள் பக்கம் மாறுவதற்காக எங்கள் மேசைக்கு முன்னால் நடந்து போனார்கள். எதிரணியில் கோல் போடுகிற பிள்ளைக்கு அன்று முழுக்க எங்கள் கோல் கீப்பரைத் தாண்டி ஒன்றும் சரிவரவில்லை. முகம் சிவந்திருந்தது. இருவரும் என் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரையொருவர் கடந்தபோது, அந்தக் கோல் போடுகிற பிள்ளை உரத்துச் சொல்லவில்லை, மூச்சு விடுகிற மாதிரித்தான் சொன்னாள். மிருகக்காட்சிச்சாலைக்கே திரும்பிப் போ என்று. ஆங்கிலத்தில், ஐந்து சொல்.

எங்கள் பிள்ளை நின்றாள். திரும்பினாள். இரண்டு கையாலும் அவளைத் தள்ளினாள். அந்தப் பிள்ளை பின்பக்கமாக விழுந்தது.

நடுவர் கண்டது தள்ளினதை மட்டும்தான். விசில். எங்கள் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் திடலின் ஓரத்தில் போய்த் தலைமேல் துவாயைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் கை தன்பாட்டில் ஒரு வேலை செய்தது. புள்ளித்தாளின் ஓரத்தில், என் காதில் விழுந்த சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியது: "3ஆம் கால் முடிவு. கோல் போடுகிற பிள்ளை. கோ பாக் டு த சூ."

ஏன் எழுதினேன் என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். விசாவுக்காக எத்தனையோ விசாரணைகளில் இருந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "இதை ஏன் முதல் தடவையே சொல்லவில்லை?" அந்த நேரத்தில் எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது அங்கே நான் படித்த பாடம். எட்டாம் வகுப்புக்கு மேலே நான் படித்த ஒரே பாடம்.

பக்கத்துப் பெண்மணி என் பென்சிலைப் பார்த்தா. என்ன எழுதுகிறீர்கள், கோல் கணக்கா என்று கேட்டா. நான் "யெஸ், யெஸ்" என்றேன்.

இரண்டு கோல்களால் எங்கள் அணி வென்றது. எல்லாரும் தாளில் கையெழுத்து வைத்தோம். பயிற்றுவிக்கிற ரீச்சர் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனா. பாதி வழி வந்த பிறகுதான் ஓரத்தில் எழுதினதை அழிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் முடிவு வந்தது. தள்ளினதற்காக எங்கள் பிள்ளைக்கு இரண்டு ஆட்டங்கள் தடை. அதாவது, அடுத்த கிழமை வெள்ளியன்று நடக்கிற இறுதியாட்டத்தில் அவள் இல்லை. அவள் ரீச்சரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மற்றப் பிள்ளை, தான் வாயே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டது. வேறு யார் கேட்டது? ஒருவரும் இல்லை.

மகள் குசினி வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, நீங்கள் மேசையில இருந்தனீங்கள்தானே. ஏதும் கேட்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நான் எண்ணிக்கொண்டிருந்தனான்."

இந்தப் பொய்யையும் நான் இங்கே எழுதத்தான் வேண்டும். குடிவரவுத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது எங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒழுங்காக நடப்பேன், ஒரு பிரச்சினைக்கும் போகமாட்டேன் என்று. நிரந்தர விசா கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தத் தாள் என் தலைக்குள் இருந்து போகவில்லை. சாட்சி என்று போய் நின்றால் என் பெயரை எங்காவது எழுதுவார்கள். எழுதின பெயரை யாராவது தேடுவார்கள். என் யோசனை இப்படித்தான் ஓடும்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பயிற்சி. விளையாட முடியாவிட்டாலும் அந்தப் பிள்ளை வந்திருந்தாள். தன் இடத்தில் விளையாடப்போகிற சின்னப் பிள்ளைக்கு எங்கே நிற்க வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவளுடைய முகத்தில் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

பிறகு வழக்கம்போலப் பின்சீட்டில், முழங்காலை மடக்கிக்கொண்டு ஏறினாள். கொஞ்சத் தூரம் போனதும் சொன்னாள்:

"சொறி அங்கிள். அன்ரி சொன்னா, நீங்கள் புள்ளி எழுதினது இதுதான் முதல் தரமாம். நான் உங்கட தாளைக் குழப்பிப்போட்டன்."

பாதி ஆங்கிலம், பாதி எங்கள் வீட்டுத் தமிழ். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். தலையைக்கூடத் திருப்ப எனக்கு முடியவில்லை. அவளுடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். "போட்டு வாறன் அங்கிள்" என்றுவிட்டுப் போனாள்.

நான் காரைத் திருப்பினேன்.

"எங்க போறீங்கள்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"ஏன்?"

"நான் கேட்டனான் பிள்ளை. அவள் சொன்னது என்ர காதில விழுந்தது. எழுதியும் வைச்சிருக்கிறன்."

மகள் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு நாள் அப்பா. ரெண்டு நாள்" என்றாள். அதற்கு மேல் அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ரீச்சர் திடலில் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தா. எனக்கு வந்த ஆங்கிலம் இரண்டு வசனம்தான். நான் கேட்டேன், நான் எழுதினேன். அவ தன் காரிலிருந்து ஃபைலை எடுத்துத் தாளைப் பார்த்தா. ஓரத்தில் இருந்த தமிழை, ஏதோ நான் கூட்டிப் பார்த்த கணக்கு என்று நினைத்திருந்தாவாம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளி உப அதிபரின் அறையில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ரீச்சர், எதிர்ப்பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், அந்தப் பிள்ளை, சலவைத் தொழிற்சாலை உடுப்போடு அவளின் தாய், நான். தாளில் கையெழுத்து வைத்தவர் என்பதால் அந்த வெள்ளைக்காரப் பெண்மணியையும் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று என்னிடம் முன்பே கேட்டிருந்தார்கள். இன்னும் ஒரு ஆளுக்கு விசயம் தெரிய வேண்டாமே என்று வேண்டாம் என்றிருந்தேன். அந்தப் பிழைக்குப் பலன் உடனே கிடைத்தது.

எழுதினதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "கோ பாக் டு த சூ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தமிழில் அந்தக் கடைசிச் சொல்லின் முதல் சத்தத்துக்கு எழுத்தே இல்லை. வண்டு இரைகிற மாதிரி நாக்கு நடுங்க வேண்டும். என் நாக்கு நடுங்காது, உடம்பின் மற்ற எல்லா இடமும் நடுங்கும். எதிர்ப்பள்ளி ஆசிரியர் குனிந்து மரியாதையாகத்தான் கேட்டார். 'ஷூ' என்று சப்பாத்தையா சொல்கிறீர்கள்? சப்பாத்துக்குத் திரும்பிப் போ என்றா? இல்லையென்றால் அது யாராவது ஒருவரின் பெயரா? "பாக் டு யூ" என்று பிள்ளைகள் பந்தைத் திருப்பி எறிகிறபோது கத்துவது வழக்கம், அதுவாக இருக்கலாமா? அவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் பள்ளிப் பிள்ளைக்காகக் கேட்டார்.

நான் மறுபடி சொன்னேன். "சூ." இன்னும் ஒருதரம். "சூ." உப அதிபர் தன்னை அறியாமல் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

அந்தப் பிள்ளை எனக்கு நேர் எதிரே இருந்தாள். அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சாட்சி தானாகத்தான் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் தாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எழுந்து போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குப் பதிலாக நான் சொல்லத் தொடங்கினேன். "எலிஃபன்ட். லயன். மங்கி. ரிக்கற் வாங்கிறது. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறது." ஆங்கிலமும் தமிழுமாக வந்தது. கடைசியில் இரண்டு கைவிரல்களையும் விரித்து, கம்பிகள் மாதிரி என் முகத்துக்கு முன்னால் பிடித்து, அதற்குள்ளால் அவர்களைப் பார்த்தேன். கம்பிக்கு உள்ளே இருந்து வெளியே பார்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது அந்த வெள்ளைக்காரப் பெண்மணி பேசினா. மெதுவாகப் பேசினதால் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் எழுதினது சரி, என்றா. கோல் போடுகிற பிள்ளை சொல்லி முடிக்கிறபோதே அவர் பென்சில் ஓடியது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நானும் கேட்டேன். என் மகளும் அந்த அணியில் இருக்கிறாள், அதனால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்கு அந்தச் சொல்லை எழுதத் தெரியும். ஆனால் எழுதினது அவர்தான்.

தன் ஊர் ஆட்களுக்கு முன்னால், தன் பிள்ளையின் பள்ளி ஆசிரியருக்கு முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் அவவுக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

தள்ளினது பிழைதான் என்று எங்கள் பிள்ளையை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் தயங்காமல் கேட்டாள். தடையை நீக்கிவிட்டார்கள். மற்றப் பிள்ளையை என்ன செய்வது என்று அவர்களின் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வெளியே வந்ததும் அந்தத் தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து, தன் மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னா. ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது. பிறகு அவ வேலைக்கு ஓட வேண்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் ஏற்றிக்கொண்டேன்.

கார் புறப்பட்டதும் பின்சீட்டிலிருந்து முன்னுக்குச் சாய்ந்து, சிரித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"தாங்க்ஸ் அங்கிள். வெள்ளிக்கிழமை உங்கட காப்பிலி விளையாடுவாள்."

சிவப்பு விளக்கைக் கண்டும் என் கால் பிறேக்கில் போகவில்லை. மகள் "அப்பா!" என்று கத்தினாள். நல்லவேளை, குறுக்கே ஒருவரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். ஏழாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள், உன் அப்பா என்னைச் சொல்கிற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சொல்ல வழியில்லாமல், உயரமான பிள்ளை என்று அர்த்தம் என்று சொல்லியிருக்கிறாள்.

"வேற என்னப்பா சொல்லுறது? என்ர அப்பா உன்னை இப்பிடித்தான் சொல்லுறவர் எண்டு சொல்லட்டோ?"

மூன்று வருடமாக என் பிள்ளை எனக்காக ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறாள். அந்தப் பிள்ளையோ, என் வாயிலிருந்து வந்த அழுக்கை ஒரு பட்டம் மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். உப அதிபரின் அறையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் ஐந்து சொல்லுக்காக எத்தனை பேரைக் கூட்டி வைத்தோம். என் ஒரு சொல்லுக்கு யார் கூட்டம் வைப்பது?

இறுதியாட்டத்தில் ஒரு கோலால் தோற்றோம். ஆனால் அவள் விளையாடின விளையாட்டு! கடைசி நிமிடத்தில் அந்த நீண்ட கை இரண்டு தரம் பந்தை வானத்திலிருந்து பறித்தது. வென்றவர்களே வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அன்றும் நான்தான் புள்ளி எழுதினேன், நானாகக் கேட்டு வாங்கி.

எல்லாரும் கலைந்த பிறகு, கார் நிறுத்துமிடத்தில் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகின வசனங்கள் எல்லாம் மறந்துபோயின.

"பிள்ளை, அந்தச் சொல்லு... உயரம் எண்டு அர்த்தமில்லை. கூடாத சொல்லு. நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளு."

அவள் கோப்பையை ஊதி ஊதி இரண்டு மிடறு குடித்தாள். பிறகு என் மகள் பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தெரியும் அங்கிள். அவளிட்டக் கேட்ட கிழமையே போனில தேடிப் பார்த்திட்டன்."

"பிறகேன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை?"

"அவள் எனக்காக எவ்வளவு யோசிச்சு அந்தப் பொய்யைச் சொன்னவள். நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டால் அவள் அழுவாள்." பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: உங்களிடம் கேட்டால் உங்கள் காரில் வருவது நின்றுவிடுமோ என்றும் பயமாக இருந்தது, அங்கிள். செவ்வாய்க்கிழமைதான் கேட்கலாம் என்று தோன்றியது. அதுதான் காரில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்.

பன்னிரண்டு வயதில் இதை அறிந்துகொண்டு, தன் சிநேகிதியைக் காப்பாற்ற வாயை மூடி, மூன்று வருடம் என் பின்சீட்டில் இருந்திருக்கிறாள். இறங்குகிற ஒவ்வொரு நாளும் என்னிடம் விடைபெற்றுவிட்டுப் போயிருக்கிறாள். நான் சாட்சி சொன்னதற்காக எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியது யாரை என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அவளுக்கு இப்போது பதினேழு வயது. மாநில அணிக்குத் தெரிவாகியிருக்கிறாள். நான் அவளை மகளைக் கூப்பிடுகிற மாதிரியே பிள்ளை என்று கூப்பிடுகிறேன். கவலைகள் எனக்குக் குறையவில்லை, கதவை இன்னும் இரண்டு தரம் இழுத்துத்தான் பார்க்கிறேன். புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. வாயைத் திறக்குமுன், பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். யாரும் இல்லாவிட்டாலும்.

அந்தக் கோல் போடுகிற பிள்ளையின் சொல்லை உடனே எழுதி வைத்தேன், என் சொல்லை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை; எழுதப்படாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு நானே இதை எழுதி வைக்கிறேன்.